மட்கார்டுக்குள் கை

சிரிக்கிறான். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். கிரைண்டர் சத்தத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இங்கே கேட்கவில்லை, ஆனால் அபுதாகிர் பாயும் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே ஒரு பார்வை என் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். என்னைப் பற்றித்தான். வேறு யாரைப் பற்றி இருக்கும், போடி ஊருக்கு வெளியே இந்தத் தகரக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம். ஜாக்கியில் நிற்கிற ஜீப் என்னுடையது, அதை வெட்டிக்கொண்டிருக்கிறவர் பாய், ஏதோ தான்தான் சொந்தக்காரன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று வேலை வாங்கிக்கொண்டிருக்கிறவன் பவுன்ராஜ். என் தங்கச்சி நாகஜோதியின் புருஷன். நேரில் வாங்க மாப்ள, போங்க மாப்ள என்றுதான் பேசுகிறேன். மனசுக்குள் மட்டும் அவன், இவன். முன்பெல்லாம் மனசுக்குள்ளும் மரியாதையாகத்தான் இருந்தது. ஜீப் சாய்ந்த அன்றைக்குப் பிறகு இப்படி ஆகிவிட்டது. எனக்கே இது பிடிக்கவில்லை, ஆனால் மனசு நம் சொல் கேட்டா நடக்கிறது. பழைய டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், கையில் டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது, அவன் இன்னும் சிரிக்கிறான். அப்படி என்னதான் சிரிப்பு.

பாய் மார்க்கரால் மட்கார்டு மேல் கறுப்பாக ஒரு வளைவு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டோடு வெட்டி, வெட்டிய இடத்தில் இந்தப் பிளேரை வைத்துப் பூட்டவேண்டும். பெரிய டயர் போட்டால் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சேறும் கல்லும் வாரி அடிக்கும், அதை மறைக்கத்தான் இந்த அகன்ற கறுப்பு விளிம்பு. சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்குகிற வில் பட்டைக்கட்டை மாற்றி ஜீப்பை ஏற்கெனவே தூக்கியாயிற்று. பின் பக்கம் இரண்டும் காலையிலேயே முடிந்துவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, என் ஜீப்புக்குத் தோள் வந்த மாதிரி. பெட்டியைப் பிரித்தபோது வந்த புது பிளாஸ்டிக் வாசனை கொட்டகையெல்லாம் பரவி, மேற்கே மலை இடுக்கிலிருந்து வரும் காற்றில் இருக்கிற ஏலக்காய் வாசனையை மறைத்துவிட்டது. எல்லாம் அவன் யோசனை. பெரிய டயர், உயரமான பட்டை, பிளேர் எல்லாமே. ஜீப் சாய்ந்ததில் இடது மட்கார்டுதானே நசுங்கியது, அதைத் தட்டி நிமிர்த்தினால் போதாதா என்று கேட்டேன். "அர வேல பாத்தா அர வேலயாத்தான் இருக்கும் மச்சான், முன்னாடி ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்டுப் புதுசா பண்ணிருவோம்" என்றான். நசுங்கியது இடது. வலதை எதற்கு வெட்டவேண்டும். சரி, பெரிய டயருக்கு இரண்டையும்தான் வெட்டவேண்டும், அது எனக்கும் தெரியும், ஆனால் இவ்வளவு அவசரம் எதற்கு. பழசு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று நினைக்கிறவன்தான் இப்படி அவசரப்படுவான். நசுங்கிய தகரத்தை வண்டியிலிருந்து கழற்றிய கையோடு இரும்புக் குவியலில் தூக்கி எறிந்தானே, பாய் எறியவில்லை, இவன்தான் எறிந்தான்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். எத்தனை தடவை நினைத்தாலும் இவ்வளவுதான் வருகிறது. மேலே நாகஜோதியும் அவனும் இருக்கிற ஏலக்காட்டுக்குப் போகிற பாதையில் பாறை முடக்கு என்று ஒரு ஒடுங்கின வளைவு. வலது பக்கம் மலை, இடது பக்கம் ஒன்றும் கிடையாது. அங்கே வந்ததும் பவுன்ராஜ் இறங்கி முன்னால் போய், முகத்தை எனக்குக் காட்டி, பின்பக்கமாக நடப்பான். நான் பாதையைப் பார்க்கக்கூடாது, அவன் கையை மட்டும்தான் பார்க்கவேண்டும். மலை ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம், ஏனென்றால் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சக்கரம் தெரியாது, பள்ளம் தெரியாது, முன்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். மணிக்கட்டைச் சுழற்றினால் ஒடி, ஸ்டியரிங்கைத் திருப்பு என்று அர்த்தம். உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்தால் வா. விரித்துக் காட்டினால் நில். எத்தனை மழைக்காலம் அவன் கையை நம்பி ஏறியிருக்கிறேன். அன்றைக்கும் வலது சக்கரம் பாறை மேல் ஏறியது, வலதில் ஒடி என்றான், ஒடித்தேன், கடைசி வரைக்கும் ஒடித்தேன், அதற்குமேல் ஸ்டியரிங் போகவில்லை. அவன் கை அசைந்தது. வா என்கிறான் என்று வந்தேன். வண்டி திரும்பவில்லை. இடது முன்சக்கரம் இறங்கியது. அங்கே ஒரு சில்வர் ஓக் மரம் இருந்ததால் இன்றைக்கு நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் நாகஜோதி இருந்தாள். சாயும்போது அவள் "அண்ணே" என்றுதான் கத்தினாள். எதிரே புருஷன் நிற்கிறான், அவனைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். இதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கிறது. தோள்பட்டை எலும்பு உடைந்து கிடந்தவளை வைத்துக்கொண்டு என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது, ஆனால் இருக்கிறது, இல்லை என்று சொல்லமுடியவில்லை.

"நான் வாங்கன்னு காட்டவே இல்ல மச்சான். ஒடிங்க, இன்னும் ஒடிங்கன்னுதான் காட்டினேன்." ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் சொன்னது இது. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு மரியாதையாக ஒருவன் சொன்னால் என்ன அர்த்தம். நீ என் கையைப் பார்க்கவில்லை, உன் இஷ்டத்துக்கு வந்தாய் என்று அர்த்தம். "சரி விடுங்க மாப்ள" என்றேன், அதையும் அவன் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பான். கடைசி வரை ஒடித்தவனுக்கு இன்னும் ஒடி என்று யாராவது காட்டுவார்களா. அவன் காட்டியது வா தான். என் கண்ணில் இன்னும் நிற்கிறது அந்தக் கை. நிற்கிறதா? சில நாள் மணிக்கட்டுச் சுழல்வதுபோலவும் தெரிகிறது, அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்டதை எல்லாம் நினைத்து நினைத்து நினைப்பே தேய்ந்துபோய்விட்டது.

எலும்பு கூடுகிற வரை நாகஜோதி என் வீட்டில்தான் இருந்தாள். அவன் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவான். உள் அறையில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் பேச்சு நின்றுவிடும், "வாங்க மச்சான், உக்காருங்க" என்று என் வீட்டிலேயே எனக்கு நாற்காலி போடுவான். புருஷன் பெண்டாட்டி பேச்சில் அண்ணன்காரனுக்கு என்ன வேலை, அது சரிதான், ஆனால் போன வாரம் அவன் போன பிறகு அவள் கேட்டாள், "அண்ணே, தப்பா நெனைக்காத, அன்னைக்கு நீ அவரு கையப் பாத்துட்டுத்தான இருந்த?" கேள்வி அவள் வாயிலிருந்து வந்தது. கேள்வி அவளுடையது இல்லை. பாத்துட்டுத்தாம்மா இருந்தேன் என்றேன். அவள், "நாளப் பின்ன நீங்க ரெண்டு பேரும் சேந்து கூட்டிட்டுப் போனாத்தான் நான் அந்த முடக்குல ஏறுவேன், வேற யாரோடயும் மாட்டேன்" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தாள் அந்தச் சொல்லை. நாளைக் காலையில்தான் அது. ஜீப் முடிந்ததும் நாளைக்கு அவளை மேலே கொண்டுபோய் விடவேண்டும். அதே பாறை முடக்கு. அவள் என் பக்கத்தில், அவன் எதிரே, நடுவில் அந்தக் கை. அவன் கையைப் பார்ப்பேனா, பாதையைப் பார்ப்பேனா. இரண்டையும் பார்க்கிறவன் இரண்டையும் பார்க்காதவன், அதோடு முடிந்தது கதை.

அவன் எதற்கு அப்படிச் செய்யவேண்டும். இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ஒருவன்... சீ. அதை நினைக்கக்கூடாது. நினைத்தாயிற்று. அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறான், ஆஸ்பத்திரியில் அவள் தலைமுடியைச் சீவிவிட்டதை நானே பார்த்தேன். அவளுக்காக இருக்காது. ஸ்டியரிங்குக்காக இருக்கும். போன வருஷம், "எப்பவும் நீங்களே ஓட்டுறீங்க, முடக்குல மட்டும் நான் ஓட்டுறேன், நீங்க முன்னால நடங்களேன்" என்று கேட்டான். என் வண்டியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், அவனும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். இரண்டு சிரிப்புமே நன்றாக இல்லை. எனக்குப் பயம் வரவேண்டும், மச்சானுக்குக் கை நடுங்குகிறது என்று ஊரில் நாலு பேர் சொல்லவேண்டும், பிறகு வண்டி தானாக அவன் கைக்கு வரும். கொஞ்சம் சறுக்கினால் போதும் என்றுதான் நினைத்திருப்பான், இவ்வளவு ஆகும் என்று நினைத்திருக்கமாட்டான். இப்படி யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவதுதான் பயமாக இருக்கிறது. நான் யோசிக்கிற எதுவும் இப்போதெல்லாம் பொருந்தாமல் போவதே இல்லை.

கிரைண்டர் நின்றது. காதுக்குள் மட்டும் இன்னும் ஓடுகிறது. பாய் தொப்பிக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகி யாரிடமோ கறி விலை பேசிக்கொண்டே டிரில் மாற்றுகிறார். பவுன்ராஜ் வெளியே குழாயில் முகம் கழுவப் போனான். வலது பக்கம் வெட்டி விழுந்த தகரம் தரையில் பிறை மாதிரி கிடக்கிறது. யார் காலையாவது கிழித்துவிடும் என்று எடுத்து ஓரமாகப் போடத்தான் குனிந்தேன், சத்தியமாக வேறு நினைப்பு இல்லை. உள் பக்கம் விளிம்பு மடிந்திருக்கிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் இல்லை. துரு இல்லை. புழங்கிப் புழங்கித் தேய்ந்த கரண்டிக் காம்பு மாதிரி பளபளவென்று இருக்கிறது, மடிப்புக்குள் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். ரப்பர்.

யார் தேய்த்தது இதை. முதலில் வந்த நினைப்பு அதுதான், மறைக்க ஒன்றுமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டயர் தூளை அப்பி, என் கண்ணில் படுகிற மாதிரி போட்டுவைத்து, டயர்தான் மட்கார்டில் முட்டியது, என் கை தப்பில்லை என்று நாளைக்குக் கதை விடப் போகிறான். அதற்குத்தான் சிரிப்பு. பாயும் உடந்தை. தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், தேய்ப்பு ஒரே திசையில் வளைந்து போகிறது, கையால் தேய்த்தால் இப்படி வராது, டயர் சுற்றுகிற வாக்கில் இருக்கிறது. பழைய டயரும் கொஞ்சம் பெரிய அளவுதான், நானும் அவனும் சேர்ந்துபோய் எடுத்தது, சமதரையில் ஒருநாளும் உரசியதில்லை. சமதரையில் எப்படி உரசும். வலது சக்கரம் பாறை மேல் ஏறி, பட்டை நசுங்கி, டயர் மட்கார்டுக்குள் புகுந்து, அந்த நிலையில் ஒடித்தால்... தகரத்தைப் பிடித்த என் மணிக்கட்டுக்குத்தான் முதலில் தெரிந்தது. கடைசி வரை ஒடித்தால் இந்த ஜீப்பில் டக் என்று இரும்பு இரும்பில் இடிக்கும். அன்றைக்கு டக் இல்லை. கொழுக்கட்டை மாவில் விரல் அமுங்கி நிற்பதுபோல் மெத்தென்று நின்றது. அதைத்தான் நான் கடைசி என்று நினைத்தேன். கடைசி இல்லை அது, டயர் தகரத்தில் சிக்கி நின்ற இடம். அவனுக்கு வெளியே சக்கரம் பாதிதான் திரும்பித் தெரிந்திருக்கும். இன்னும் ஒடி என்றுதான் காட்டியிருப்பான். எனக்கு ஒடிக்க மிச்சம் ஒன்றும் இல்லை, அதனால் அந்தக் கை வா என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அவன் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. ஐயோ, இவ்வளவு நாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்ததுதான். நெஞ்சிலிருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது, அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, மனசுக்குள் தன்னால் அவர் என்று வந்தது. அவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார். "மாப்ள, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று தகரத்தை நீட்டி, கொட்டிவிட்டேன் எல்லாவற்றையும், பாறை, பட்டை, டக், மெத்தென்று நின்றது எல்லாம். சொல்லும்போதே என் குரல் எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ரொம்ப வேகமாக, ரொம்ப உற்சாகமாக, ஒப்பித்ததுபோல. அவர் தகரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பெருவிரலால் தடவினார். மடிப்பை மோந்து பார்த்தார். பிறகு பாயின் கிரைண்டரைப் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்த பழைய டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத இப்பத்தான் பாத்தீங்களா மச்சான்?"

"இப்பத்தான். நீங்க மொகங் கழுவப் போனீங்கள்ல, அப்ப."

"நான் போனப்புறம்."

"ஆமா."

"சரி சரி." தகரத்தைப் பட்டறை மேசை மேல் சத்தம் வராமல் வைத்தார். "பளபளப்பு புதுசால்ல இருக்கு. கிரைண்டர் பட்டிருக்கும்."

"ரப்பர் ஒட்டியிருக்கே மாப்ள."

"இந்தக் கொட்டகைல ரப்பர் எங்கதான் இல்ல மச்சான்."

பாயைப் பார்த்தேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒரசியிருக்கலாம், ஒரசாமயும் இருக்கலாம். வெட்டறப்ப நான் உள்பக்கம் பாக்கலண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி கறிக்குப் போய்விட்டார். பழையபடி தகரத்தை வண்டியில் வைத்து, சக்கரத்தைப் பாறை மேல் ஏற்றி, இதோ பார் என்று காட்டலாம் என்றால் மட்கார்டு இரண்டு துண்டு, பட்டை வேறு பட்டை, டயர் வேறு டயர். எதை எதில் வைத்துக் காட்டுவேன். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்த முகம் தெரியும். எல்லாம் பொருந்துகிற முகம் அது. இந்த மனுஷன் தனக்கு ஒரு சாக்கு தயார் பண்ணி வைத்திருக்கிறான், நாளைக்கு நாகஜோதியிடம் காட்டத் தகரத் துண்டோடு வந்துவிட்டான் என்று அவருக்குள் ஓடுவது எனக்கு எழுத்து எழுத்தாகக் கேட்கிறது. நானும் இவ்வளவு நேரம் அதே கணக்கைத்தானே போட்டுக்கொண்டிருந்தேன், என் கணக்கில் திருடன் அவர், அவர் கணக்கில் நான், அவ்வளவுதான் வித்தியாசம். கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் இந்த நோயில் விழுந்தவனுக்கு வெளியிலிருந்து யாரும் எதுவும் காட்டமுடியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்.

வலது பிளேரையும் பூட்டியாயிற்று. ஆறு போல்ட், உள்ளே ரப்பர் பட்டி, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. புது டயர் மாட்டி, வலது சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, ஜாக்கியை இறக்கினார் பாய். பாறை மேல் ஏறினால் எப்படியோ அப்படி, வண்டியின் பாரம் எல்லாம் அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்து டயர் பிளேருக்குள் அமுங்கியது. இனி ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மெதுவாக இரண்டு பக்கமும் ஒடிக்கவேண்டும், ஒருவர் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு எங்கேயாவது உரசுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் அது, கைதான் பார்க்கவேண்டும், சீட்டில் இருக்கிறவன் சொல்லுக்கு முந்தி ஒடித்துவிட்டால் அந்தக் கை நசுங்கிப்போகும். என் வண்டி, நான் ஏறி உட்கார்ந்தேன். உயரம் கூடியிருந்தது, பழைய பழக்கத்தில் கால் எட்டாமல் தடுமாறித்தான் ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பவுன்ராஜ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். ஜன்னல் வழியாக அவர் உச்சந்தலையும் தோளும் தெரிந்தன. கை உள்ளே போவது தெரிந்தது, விரல், மணிக்கட்டு. அங்கே நின்றது.

நின்றது என்றால், ஏதோ தடுத்து நிற்கவில்லை. தானாக நின்றது. கையை வெளியே எடுத்து, முழங்காலில் துடைத்துக்கொண்டார். எழுந்தார். இப்போது கேட்கப் போகிறார், நீங்க இறங்குங்க, நான் ஒடிக்கிறேன் என்று ஸ்டியரிங்கைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், கேட்டால் சாவியோடு கொடுத்துவிடலாம், நாளைக்கும் அவரே ஓட்டட்டும், நான் முன்னால் நடக்கிறேன் என்றுகூட நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மச்சான், காலைலருந்து காத்துட்டுக் கெடக்கீங்க. எறங்கிப் போயி சூடா ஒரு டீ சாப்புடுங்க. பாய் உக்காரட்டும்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு சொல் கூடக் குறைத்துச் சொல்லவில்லை. பாய் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், போனை வைத்துவிட்டார். நான் இறங்கினேன். இறங்கும்போது "ஆமா மாப்ள, தொண்ட காஞ்சுபோச்சு" என்றுகூடச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பாய் ஏறி உட்கார்ந்தார். பவுன்ராஜ் மறுபடி குந்தி, இந்தத் தடவை தயங்கவில்லை, முழங்கை வரைக்கும், அதற்கும் மேலே, தோள் டயரில் இடிக்கிற வரைக்கும் கையை உள்ளே விட்டார். "ஒடிங்க பாய். இன்னும். இன்னும் நல்லா ஒடிங்க, பயப்படாதீங்க, நான் சொல்றேன்ல." டக் என்று இரும்பு இடித்தது. "எங்கயும் ஒரசல பாய்! கை தாராளமாப் போகுது!" இப்படி வாய்விட்டு அவர் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று.

டீக்கடைப் பக்கம் நடந்தேன், கடைக்குப் போகவில்லை, புளியமரத்தடியில் நின்று போனை எடுத்தேன். நாகஜோதி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"என்னண்ணே, வண்டி முடிஞ்சிருச்சா? நான் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

"முடிஞ்சிருச்சும்மா. நல்லா வந்திருக்கு."

"ஒரசலயே?"

"எங்கயும் ஒரசல."

"அப்ப காலைல வெள்ளனாவே கெளம்பிருவமா?"

"நாளைக்கு வேணாம்மா."

கொட்டகையில் பாய் ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடிக்கிற சத்தம் இங்கே வரை கேட்டது.

"ஏண்ணே? அவரு எதுவும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றேன். "டீ சாப்பிடச் சொன்னாரு."